எலாஸ்டிக் வைத்த டை

தூத்துக்குடி
11 பிப்ரவரி 2024

அன்புத் தம்பி பாண்டியராஜனுக்கு அக்கா முத்துச்செல்வி எழுதிக்கொள்வது. நான் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி இருக்கிறது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. உனக்கு இருமல் விட்டதா? அந்த ஊர்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறாயா?

போன் இருக்கும்போது எதற்கு லெட்டர் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் போதும், அத்தை, "ஸ்பீக்கர்ல போடுளா, நானும் கேக்கணும்லா" என்கிறாள். கேட்டதை அன்று சாயங்காலமே தெருவுக்குச் சொல்லிவிடுகிறாள். தன் மகன், உன் அத்தான், இறந்துபோன பிறகும் இந்த வீட்டில் எனக்கு ஒரு மூலை கொடுத்திருக்கிறாள், அதனால் நானும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் உன்னிடம் தனியாகச் சொல்ல எனக்கும் நாலு பேச்சு இருக்கும். ஆகவே நான் வேலை பார்க்கிற தையல் கடை விலாசத்துக்கு எழுது. முதலாளி லிங்கராஜ் அண்ணாச்சி பிரிக்காமல் கொடுத்துவிடுவார்.

ஏரலில் உனக்குப் பார்த்த பெண்ணுக்குப் பூ வைத்து நிச்சயம் செய்துவிட்டு வந்தார்கள். சந்தனச்செல்வியாமே. பெயரில் பாதி என்னோடு ஒத்துப்போகிறாள். நான் இன்னும் பார்க்கவில்லை. வேனில் இடம் இல்லை என்று தங்கதுரை பெரியப்பா சொல்லிவிட்டார். பின்சீட்டு காலியாகத்தான் போயிற்று என்று டிரைவர் பிறகு சொன்னான். போகட்டும், ஆவணியில் கல்யாணத்தன்று பார்த்துக்கொள்கிறேன்.

கடையில் டை சீசன் தொடங்கிவிட்டது. ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தைத்துக் குவிக்க வேண்டும். பிளாஸ்டிக் கட்டை ஒன்றின் மேல் துணியைச் சுற்றி முடிச்சு மாதிரித் தைத்து, பின்னால் எலாஸ்டிக் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் கழுத்தில் தொங்குவது என் முடிச்சுதான். நீயும் சின்னதில் அந்த எலாஸ்டிக்கை இழுத்து இழுத்து விளையாடி, அது மூக்கில் அடித்து அழுவாய். அம்மா இல்லாத வீட்டில் உன் டையைத் தைத்துத் தைத்துத்தான் எனக்கு ஊசியே பிடிக்க வந்தது. ஆனால் பார், நிஜமான டையை எப்படிக் கட்டுவது என்று எனக்குத் தெரியாது. ஹோட்டலில் நீ தினமும் கட்டுகிறாய் அல்லவா, அது கஷ்டமா?

நேரத்துக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் அக்கா
செல்வி


மும்பை
3 மார்ச் 2024

பிரியமுள்ள அக்காவுக்குப் பாண்டியின் வணக்கம். இருமல் போயே போய்விட்டது. தண்ணீர் காய்ச்சித்தான் குடிக்கிறேன். உன் கண் எப்படி இருக்கிறது? கண்ணாடியை மாற்றச் சொன்னார்களே, மாற்றினாயா?

நீ டை பற்றிக் கேட்டது நல்லதாகப் போயிற்று. கல்யாணத்தன்று சாயங்காலம் ரிசப்ஷனுக்குக் கோட் சூட் எடுத்திருக்கிறேன். அன்றைக்கு என் டையை நீதான் கட்டிவிட வேண்டும். வேறு யார் கையும் படக்கூடாது. இப்போதே பழகிக்கொள்.

காலரைத் தூக்கிவிடு. அகலமான வால் வலது பக்கம் நீளமாகத் தொங்கட்டும், ஒல்லி வால் இடது பக்கம் குட்டையாக. அகலத்தை ஒல்லிக்கு மேலே போடு. அப்படியே அடியில் கொண்டு போ. மறுபடியும் மேலே கொண்டு வா. பிறகு கழுத்துக்கு அடியிலிருந்து மேலே எடு. முன்னால் ஒரு பட்டை விழுந்திருக்கும், அதற்குள் விட்டுக் கீழே இழு. ஒல்லி வாலைப் பிடித்துக்கொண்டு முடிச்சை மேலே தள்ளினால் சரியாக உட்காரும். அகல வாலின் நுனி பெல்ட்டைத் தொட வேண்டும். கழற்றும்போது வந்த வழியே அவிழ்க்க வேண்டும், இல்லையென்றால் துணியில் தழும்பு விழுந்துவிடும்.

உன் எலாஸ்டிக் டையைப் போட்டுக்கொண்டு எங்கள் ஹோட்டலுக்குள் நுழைய முடியாது. அதை ஏமாற்று வேலை என்பார் மேனேஜர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு போகட்டும்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்.

அன்புத் தம்பி
பாண்டி


தூத்துக்குடி
17 மார்ச் 2024

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசி. நாங்கள் சுகம். கண்ணாடி மாற்றியாயிற்று, ஊசிக் காது இப்போது நன்றாகத் தெரிகிறது.

நீ எழுதியதைப் படித்துக் கடையில் நிற்கிற தலையில்லாத பொம்மைக்குக் கட்டிப் பார்த்தேன். முதலில் அகல வால் மார்போடு நின்றுவிட்டது, ஒல்லி வால் இடுப்புக்குக் கீழே போய்விட்டது. இன்னொரு தடவை கட்டியது முடிச்சாக விழுந்தது, ஆனால் அவிழ்க்கக் கத்திரிக்கோல் தேவைப்பட்டது. கட்டிங் மாஸ்டர் டேவிட்சன் அண்ணன் பார்த்துவிட்டு, "ஏளா செல்வி, மாப்பிள்ளைக்கு டை கட்டுதியா, வள்ளத்தக் கரையில கட்டுதியா?" என்று கேட்டார். கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். என் கழுத்தில் நானே கட்டினால் வருகிறது. எதிரே நின்று கட்டினால் வலது இடதாகி எல்லாம் குளறுபடியாகிறது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். தினமும் நீயே கட்டிக்கொள்கிற டையைக் கல்யாணத்தன்று மட்டும் அக்கா கட்ட வேண்டும் என்பது ஏன்?

காலையில் நீ தாலி கட்டும்போது மூன்றாவது முடிச்சு மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் போட வேண்டியது. உனக்குக் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். அதைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை. உன் அத்தான் போன பிறகு நான் எந்தக் கல்யாண மேடையிலும் ஏறியதில்லை. ஏறக்கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை, வா என்று கூப்பிட்டதும் இல்லை. ஆனால் உன் கல்யாணம் எனக்கு அப்படி இல்லை. அந்த முடிச்சை நான் போட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. வெட்கத்தை விட்டு எழுதிவிட்டேன். கூடாது என்றால் கூடாது என்று எழுது. நான் தாங்கிக்கொள்வேன். எதுவானாலும் நீ உன் கையால் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
செல்வி


மும்பை
21 ஏப்ரல் 2024

பிரியமுள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே கல்யாண சீசன். விருந்து ஹாலில் ஒரு கூட்டம் எழுந்தால் அடுத்த கூட்டம் வந்து உட்காருகிறது. நின்று நின்று கால் வீங்கிவிட்டது.

இத்துடன் பார்சலில் ரிசப்ஷனுக்கு எடுத்த டையை அனுப்பியிருக்கிறேன். கருநீலப் பட்டு, சின்ன வெள்ளைப் புள்ளி. பட்டு வழுக்கும், அதனால் இதிலேயே பழகு. எதிரே நின்று கட்ட வரவில்லை என்றால் ஆளுக்குப் பின்னால் நின்று, இரண்டு தோளுக்கும் மேலாகக் கையைக் கொண்டுவந்து கட்டு. அப்போது உன் கழுத்தில் நீயே கட்டுகிற மாதிரித்தான் இருக்கும். டை கட்டத் தெரியாத விருந்தாளிகளுக்கு நான் அப்படித்தான் கட்டிவிடுவேன்.

மூன்றாவது முடிச்சு பற்றிக் கேட்டிருந்தாய். நீ இருக்கும்போது வேறு யார் அக்கா? அதையெல்லாம் பெரியப்பாவிடம் பேசிக்கொள்ளலாம். நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

தம்பி
பாண்டி


தூத்துக்குடி
5 மே 2024

என் தங்கமான தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். காலுக்கு உப்புப் போட்ட வெந்நீர் ஒத்தடம் கொடு. இரவில் காலைத் தலையணை மேல் வைத்துப் படு.

'நீ இருக்கும்போது வேறு யார் அக்கா?' அந்த வரியைக் கடையில் வைத்துப் படித்தேன், பஸ்ஸில் வைத்துப் படித்தேன், வீட்டுக்குப் போய் அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டுச் சோறு வடிக்கும்போது மறுபடி எடுத்துப் படித்தேன். அத்தை மோப்பம் பிடித்துவிட்டாள். வேறு வழியில்லாமல் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஆசப்படு, வேண்டாங்கல. அளவா ஆசப்படுளா" என்றாள். நல்லெண்ணத்தில் சொன்னாளா குத்தலாகச் சொன்னாளா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

முந்தாநாள் ஒரு புடவை எடுத்தேன். மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை. வெளிறிய கலரே கட்டிக் கட்டி, கடைக்காரர் அதை விரித்தபோது எனக்குக் கண் கூசியது. ஜாக்கெட்டை நானே தைத்துவிட்டேன்.

டையும் பழகிவிட்டது. டேவிட்சன் அண்ணனை ஸ்டூலில் உட்காரவைத்துப் பின்னால் நின்று கட்டினேன். கை தானாகப் போயிற்று. தாலி முடிச்சும் பின்னால் நின்று போடுவதுதானே. இரண்டுக்கும் ஒரே பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என் கல்யாணத்துக்குக்கூட இப்படி அமையல" என்றார்.

வந்த வழியே அவிழ்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். என் கழுத்தில் போட்ட முடிச்சை யாரும் வந்த வழியே அவிழ்க்கவில்லை, அறுத்தார்கள். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உனக்கோ அந்தப் பிள்ளைக்கோ நாளைக்கு ஒரு தலைவலி வந்தாலும் என் கைராசியைத்தான் சொல்வார்கள். அதையும் யோசித்தேன். யோசித்த பிறகும் ஆசை போகவில்லை தம்பி. பெரியப்பாவிடம் பேசிவிட்டு எழுது.

உன் அக்கா
செல்வி


தூத்துக்குடி
9 ஜூன் 2024

அன்புத் தம்பிக்கு,

சுகம்தானே? என் கடிதம் வந்து சேர்ந்ததா? பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், தைத்து மாளவில்லை. தபால்காரர் வரும்போதெல்லாம் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறேன். அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. பெரியப்பாவைக் கோயிலில் பார்த்தேன். சூடம் அணையும் முன்பே கிளம்பிவிட்டார். கால் வீக்கம் வடிந்ததா என்றாவது எழுது.

அக்கா


மும்பை
23 ஜூன் 2024

பிரியமுள்ள அக்காவுக்கு,

கால் சரியாகிவிட்டது. நீ வேலையில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

இங்கே நல்ல மழை. வரவேற்பில் நிற்கிற பெண்களுக்கு இந்த மாதம் முதல் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்ட வேண்டும் என்று புது உத்தரவு. சின்னச் சதுரத் துணிதான். அதை மூலைக்கு மூலை மடித்து, பட்டையாக்கி, கழுத்தைச் சுற்றி, முடிச்சு இடது பக்கம் காதுக்கு நேரே வருகிற மாதிரி கட்ட வேண்டும். முன்னால் முடிச்சு வந்தால் ஒரு அழகு, பக்கவாட்டில் வந்தால் ஒரு அழகு. குளிர் நாட்டிலிருந்து வருகிறவர்கள் நீள ஸ்கார்ஃபை இரண்டாக மடித்துக் கழுத்தில் போட்டு, இரண்டு நுனியையும் மடிப்புக்குள் விட்டு இழுத்துக்கொள்கிறார்கள். ஆண்களும் போடுகிறார்கள். பட்டு, கம்பளி, பருத்தி ஒவ்வொன்றுக்கும் முடிச்சு மாறும். உனக்குப் பிடிக்குமே என்று எழுதுகிறேன். டையிலும் எத்தனையோ முடிச்சு இருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்ததுதான் எல்லாவற்றிலும் எளிது.

பெரியப்பா ஏதாவது சொன்னால் மனதில் வைத்துக்கொள்ளாதே. வயதானவர். ரிசப்ஷனுக்கு டை நீ கட்டுவதில் ஒரு மாற்றமும் இல்லை.

பாண்டி


தூத்துக்குடி
21 ஜூலை 2024

அன்புத் தம்பி பாண்டியராஜனுக்கு,

நான் சுகம். அத்தையும் சுகம். நீயும் சுகமாக இரு.

ஸ்கார்ஃப் கட்டுவதை இவ்வளவு விளக்கமாக எழுதியவனுக்கு நான் கேட்டதற்குப் பதில் எழுத இடம் இல்லாமல் போயிற்றா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் பதில் கடைக்கே வந்தது. பெரியப்பா மகள் முருகேஸ்வரி ஜாக்கெட் தைக்கக் கொண்டுவந்தாள். நல்ல ஊதாப் பட்டு, ஜரிகை கனமாக இருக்கிறது. "இது எதுக்குளா எடுத்தது?" என்று கேட்டேன். "முடிச்சு போடுறதுக்குக்கா. மாசியிலயே பாண்டி சொல்லிட்டான், நீதான் போடணும்னு. சேலை கலர்கூட அவந்தான் வீடியோ கால்ல பாத்துச் சொன்னான்" என்றாள். அவளுக்கு உள்ளே ஒன்றும் கிடையாது. சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். பாவம், தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

மாசியில்தான் நீ எனக்கு டை கட்டப் பழகச் சொல்லி எழுதினாய். மூன்றாவது முடிச்சை அவளுக்குக் கொடுத்துவிட்டு எனக்கு இதைக் கொடுத்திருக்கிறாய். 'வேறு யார் அக்கா' என்று எழுதும்போதே அது யார் என்று உனக்குத் தெரியும். கோபம் இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஊரும் பெரியப்பாவும் சொல்வது எனக்குப் புதிதா? கூடாது என்றால் எழுது என்றுதானே கேட்டேன். அந்த ஒரு சொல்லை உன் கையால் எழுத உனக்கு மனம் வரவில்லை. அரிசிப் பானைக்குள் வைத்துப் படித்தேனே, அதுதான் தம்பி எனக்கு ஆறவில்லை.

ஜாக்கெட் தைத்துக் கொடுத்துவிட்டேன். முடிச்சு போடக் கையைத் தூக்கும்போது பிடிக்காமல் இருக்க அக்குளில் கொஞ்சம் துணி விட்டுத் தைத்திருக்கிறேன்.

இத்துடன் உன் டை. பொம்மைக்குப் பின்னால் நின்று நானே கட்டினேன், நன்றாக வந்திருக்கிறது. கட்டிய பிறகு முடிச்சுக்கு உள்ளே தையல் போட்டு, கழுத்துப் பட்டையை வெட்டி எலாஸ்டிக் வைத்துவிட்டேன். இனி இதைக் கட்டிவிட ஆள் வேண்டாம். கழுத்தில் மாட்டிக் கொக்கியைப் போட்டால் போதும். நான் மாப்பிள்ளை அறைக்கு வர வேண்டிய தேவையும் இல்லை. உன் மேனேஜர் சொன்ன ஏமாற்று வேலைதான். இப்போதைக்கு நமக்கு இதுதான் பொருத்தம்.

கல்யாணத்துக்கு வருவேன். வராமல் இருப்பேன் என்று பயப்படாதே.

செல்வி


மும்பை
8 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்? நாங்கள் இருவரும் நல்லபடி வந்து சேர்ந்தோம்.

முகூர்த்தத்தில் உன்னைத் தேடினேன். பந்தியில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாய் என்று பிறகு சொன்னார்கள். கெட்டிமேளத்தில் முருகேஸ்வரி முடிச்சைப் போட்டாள். 

சாயங்காலம் நீ அனுப்பிய டையைத்தான் போட்டேன். என்னோடு வேலை பார்க்கிற ஷாம் வந்திருந்தான். மேடையிலேயே கண்டுபிடித்துவிட்டான். "என்னடா, ஸ்கூல் டை?" என்று முன்னால் இழுத்து விட்டான். அது தெறித்துத் தாடையில் அடித்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, சின்னப் பிள்ளையில் வந்த மாதிரி. வலியால் இல்லை.

மறுவீட்டுக்கு ஏரல் போகும்போது காரில் சந்தனம் அந்த டையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். யார் தைத்தது என்று கேட்டாள். சொன்னேன். "அந்த மைனியா? அவிய மூணாம் முடிச்சு போட மாட்டேன்னுட்டாவன்னுல்லா உங்க பெரியப்பா சொன்னாவ? எங்கம்மா, அவியளே போடட்டும், எங்களுக்கு ஒரு இதுவும் இல்லன்னு சொல்லி விட்டாளே" என்றாள்.

அக்கா, என்னிடம் பெரியப்பா சொன்னது வேறு. பெண் வீட்டார் சம்மதிக்கவில்லை என்றார். நான் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சண்டை வருமோ, சம்பந்தம் முறிந்துபோகுமோ என்று பயந்தேன். ஒரே ஒரு போன் போட்டிருந்தால் போதும். போடவில்லை. உனக்கு உண்மையை எழுதவும் பயந்தேன்.

மூன்றாம் மாதம் தாலியைப் பிரித்துச் செயினில் கோக்க வேண்டும். அதை நீதான் செய்ய வேண்டும் என்று சந்தனம் சொல்கிறாள். நான் சொல்லவில்லை, அவளாகச் சொன்னாள். கட்டாயம் வா.

டை முடிச்சு சாதாரண டையைவிடக் கனமாக இருக்கிறது. உள்ளே என்ன வைத்தாய்? பிரித்துப் பார்க்க மனம் வரவில்லை.

என்னை மன்னித்துவிடு.

பாண்டி


தூத்துக்குடி
22 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கும் அன்பு சந்தனச்செல்விக்கும் அக்காவின் ஆசி. நான் நன்றாக இருக்கிறேன். அத்தைக்கு முழங்காலுக்குப் புது எண்ணெய் போடுகிறோம்.

முடிச்சுக்குள் என்ன என்று கேட்டிருந்தாய். அந்தப் பிளாஸ்டிக் கட்டையை வைக்க எனக்கு மனம் வரவில்லை. மஞ்சள் புடவையின் முந்தியில் கொஞ்சம் வெட்டி, மடித்து உள்ளே வைத்தேன். மேடைக்கு என்று எடுத்த புடவை, எப்படியாவது ஏறிவிடட்டும் என்று நினைத்தேன். ஏறிவிட்டது. அதைப் பிரிக்காதே.

சந்தனம் சொன்னதைப் படித்து அழுதேன். அந்தத் தாய்க்கு என் கும்பிடு சொல். வேண்டாம் என்று சொன்னது பெண் வீடு இல்லை, நம் வீடுதான் என்று தெரிந்த பிறகு வலி குறையும் என்று நினைத்தேன். கூடித்தான் போயிற்று. அந்நியர் வேண்டாம் என்றிருந்தால் அவர்களைத் திட்டிவிட்டு ஆறியிருப்பேன்.

தாலி கோக்கிற அன்று வருகிறேன். ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறேன், அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் போடுகிறேன். தாலியைக் கோத்து முடிச்சுப் போடுவது மட்டும் நான் வேண்டாம். உன்னை மன்னிக்காமல் எங்கே போகப் போகிறேன், உன்னை விட்டால் எனக்கு யார்? ஆனால் என் கை அதற்கு இனி வராது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இனிமேல் கடைக்கு லெட்டர் போடாதே. நானும் தபால்காரரை எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். போனிலேயே பேசு. அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். போடட்டும். அவள் கேட்கக்கூடாத பேச்சு இப்போது நமக்குள் ஒன்றும் இல்லை.

அக்கா